புதுமனைப் படம் திருத்துதல்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது நம்மவரிடையே நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. இரண்டும் மனிதனின் பொருளையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பவை என்பதே அதன் கருத்து. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. வீட்டைப் பொறுத்தவரை, முதற்கல் நாட்டப்படுவதற்கு முன் பிழைகள் யாவும் ஒரு தாளின்மீது கோடுகளாகவே கிடக்கின்றன. கோட்டை அழிக்க ஓர் அழிறப்பர் போதும். அதே கோடு சுவராக எழுந்தபின் அதனை அழிக்க மேசனும் கூலியாட்களும் வேண்டும். செலவும் மனக்கசப்பும் மிஞ்சும். கல்லூரியிலே அளவுகோலும் கவராயமும் கையிற்கொண்டு கேத்திரகணிதம் பயின்ற நாளில், அக்கல்வி பிற்காலத்தில் எமது அன்னையாரின் இரவு நடைக்கு உதவுமென்று நாம் எண்ணியதில்லை. அது உதவிய வகையை, வீடு கட்டக் கருதியிருக்கும் பழைய மாணவ அன்பர்களுக்குப் பயன்படக்கூடுமென்று இம்மலர்வழிக் கூற விழைகின்றோம்.

வலிகாமத்திலுள்ள எமது பழைய வளவில், அன்னையாருக்குச் சீதனமாக வந்த நாற்சார் வீடொன்று இருந்தது. போர்க்காலத்தில் அது கூரையையும் பின்னர் சுவர்களையும் இழந்தது. 2009 ஆம் ஆண்டின் பின் நாம் திரும்பியபோது எஞ்சியிருந்தவை கிணறும், ஒரு வேம்பும், முன்வாசற் படியுமே. சில ஆண்டுகள் வாடகை வீட்டிற் குடியிருந்து பொருள் சேர்த்தோம். அவ்வாடகை வீட்டின் மலகூடத்திற்கு இரண்டு படி இறங்கிச் செல்லவேண்டும். ஒரு மாரிக்கால இரவில் அன்னையார் அப்படியிற் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். எண்பது வயதிலே அவர் மீண்டும் எழுந்து ஊன்றுகோலுடன் நடந்தது இறைவனருளே. புதுமனைக்கு முதற்படம் வரைவித்தபோது இந்நிகழ்ச்சி நடந்து ஆறு திங்களே ஆகியிருந்தது. இருந்தும் முதற்படத்தில் அதே பிழை வேறோர் உருவில் இடம்பெற்றிருந்ததை நாம் காணவில்லை. படவரைஞர்மீது குறையில்லை, அவர் கேட்டதை வரைந்து தந்தார். கேட்கவேண்டியதைக் கேட்க அறியாதவர் நாமே.

படம் திருத்துவதற்கு நாம் கைக்கொண்ட முறை எளியது. மூலப்படத்தின்மேல் மெல்லிய ஊடுதெரி தாளொன்றை விரித்து, ஒரு தாளில் ஒரு வினாவுக்கு மட்டுமே விடை தேடினோம். எல்லாவற்றையும் ஒரே வேளையிற் சிந்திக்கப் புகுந்தால் ஒன்றும் விளங்காது. வெயிலும் காற்றும், நீரும் கழிவும், நடை, தளபாடம், நன்மை தீமை, வருங்காலம் என ஆறு வினாக்கள், ஆறு தாள்கள். ஏழாவதாக வரைந்த படமே வீடாயிற்று.

வெயிலும் காற்றும்

எமது வளவு நாலு பரப்பு. பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் ஆதலின், இது கால் ஏக்கராகும். கிழக்கே வீதி, வடக்குத் தெற்காக 90 அடி, கிழக்கு மேற்காக 120 அடி. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதே முக்காற் பாகையில் இருப்பதால், ஞாயிறு ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ற் இறுதியிலும் நண்பகலில் எம் தலைக்கு நேர்மேலே நிற்கின்றது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்தும், ஏனைய மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்கின்றது. யூன் மாத நண்பகலில் வடக்கே சாய்வது 14 பாகை அளவே. டிசெம்பரில் தெற்கே சாய்வது 33 பாகை. இக்கணக்கின்படி மூன்றடி நீட்டிய தாழ்வாரம் டிசெம்பர் நண்பகலில் தென்சுவரின் மேற்பகுதியில் நாலரை அடிக்கு நிழல் தரும். யூனில் வடசுவர் முழுவதையுமே காக்கும். ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்துவரும் வெயிலைத் தாழ்வாரம் தடுக்கமாட்டாது. அதற்கு விறாந்தையும் மரமுமே துணை. கிழக்கே விறாந்தை இருந்தது. மேற்கே வேம்பு நின்றது. ஆகவே மேற்சுவரில் வரையப்பட்டிருந்த இரு பெரிய யன்னல்களை நீக்கி, வேம்பின் நிழல் விழும் இடத்தில் மட்டும் சிறு யன்னலொன்றை வைத்தோம்.

காற்றைப் பொறுத்தவரை நம்மூரவர்க்குப் பாடம் புகட்ட வேண்டியதில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை. காற்று ஓர் அறைக்குள் நுழைய ஒரு வழியும் வெளியேற மற்றொரு வழியும் வேண்டும். ஒரே சுவரில் இரண்டு யன்னல் வைப்பதைவிட இரு சுவர்களில் ஒவ்வொன்று வைப்பது மேல். பழைய வீடுகளில் முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேரில் அமைந்தமைக்குச் சாத்திரம் கூறும் காரணம் எதுவாயினும், அந்நேர்கோட்டிலே காற்று ஓடியதை அங்கு வாழ்ந்தவர் அறிவர்.

முதற்படத்தின் பெருங்குறை நடுமண்டபமே. நாற்புறமும் அறைகள் சூழ, நடுவில் இருந்த மண்டபத்திற்கு ஒரு யன்னலேனும் இல்லை. பட்டப்பகலிலும் அங்கே விளக்கெரிக்க வேண்டும். இக்காலத்தில் எழுந்த பல புதுவீடுகளில் இக்குறையைக் காணலாம். நாற்சார் வீட்டின் நாற்புற அறைகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு உயிர் தந்த நடுமுற்றத்தை மட்டும் மூடிவிட்டதால் வந்த விளைவு இது. நாம் 8 அடிக்கு 10 அடி முற்றமொன்றைத் திறந்தோம். மேலே இரும்புக் கம்பிவலை. கீழே மழைநீர் செல்லும் வடிகால். நடுமுற்றம் பழமைவாதம் அன்று. சிற்பி ஜெஃப்ரி பாவா 1960 களின் தொடக்கத்தில் கொழும்பு நகரின் நெருக்கமான காணியொன்றிலே ஈனா த சில்வாவுக்காகக் கட்டிய வீடு முற்றத்தைச் சுற்றியே அமைந்தது. நகரத்து வாழ்வுக்கும் முற்றம் பொருந்தும் என்பதை அது காட்டிற்று. எமது அன்னையாரோ, முற்றம் வரையப்பட்ட தாளைக் கண்டதும் படத்தைப்பற்றி வேறொன்றும் கேட்காமல், “இதிலை ஒரு துளசி வைக்கலாம்” என்று மட்டும் கூறினார்.

நீரும் கழிவும்

இரண்டாந் தாளே எம்மை வெட்கமுறச் செய்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கிநிற்கும் மழைநீரே எமது குடிநீர்; அந்நன்னீரும் கீழிருக்கும் உவர்நீரின்மேல் மிதந்து கிடக்கின்றது. மணல் நிலத்தில் நீர் மெல்ல ஊறி வடிகட்டப்படும். சுண்ணக்கல் வெடிப்புகளிலோ அது விரைந்தோடும். உடன்வரும் அழுக்கும் அவ்வாறே. ஒருவர் வளவிலே புதைத்ததை மற்றவர் கிணற்றிலே மொள்ள நேரிடலாம்.

எமது கிணறு வடகிழக்கு மூலையில். ஆகவே மலக்குழியைத் தென்மேற்கு மூலையில் வைத்துவிட்டால் வேண்டிய தூரம் கிடைத்துவிடும் என்று மகிழ்ந்திருந்தோம். கோணல் தூரம் நூற்றுப் பத்தடியைத் தாண்டியது. ஆயினும் எமது படம் எமது வேலியுடன் முடிந்துவிட்டது. வேலிக்கு அப்பால் அயலவர் கிணறு எங்கே உள்ளதென்று அத்தாளில் எவரும் குறிக்கவில்லை. ஒரு மாலை நாம் அளவுநாடாவுடன் மேற்கு வளவுக்குச் சென்று அவர்கள் அனுமதியுடன் அளந்தோம். எமது மலக்குழிக்கும் அவர்கள் குடிக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்தது 22 அடி. அவ்வீட்டிலே கைக்குழந்தை ஒன்றிருந்தது.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டுமென்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. சுண்ணக்கல் நிலத்தில் அதனினும் கூடுவது நன்று. மூன்று வளவுகளின் கிணறுகளையும் ஒரே தாளிற் குறித்து, கவராயத்தால் ஒவ்வொன்றையும் நடுவாகக் கொண்டு 55 அடி ஆரையில் வட்டங்கள் வரைந்தோம். எவ்வட்டத்துள்ளும் அகப்படாத நிலம் எதுவோ அதுவே மலக்குழிக்கு உரிய இடம். அது தென்வேலியோரம் நடுப்பகுதியிற் கிடைத்தது. அங்கிருந்து எமது கிணறு 82 அடி. மேற்கு அயலவர் கிணறு 61 அடி. தெற்கு அயலவர் கிணறு 58 அடி. மேலும், அடியில்லாத குழி வெட்டாமல், அடியும் சுவரும் நீர் கசியாவண்ணம் பூசிய தொட்டி ஒன்றை முதலிற் கட்டி, அதிலிருந்து தெளிந்துவரும் நீரை மட்டுமே ஊறுகுழிக்கு விட்டோம். கேத்திரகணித ஆசிரியர் கற்பித்த வட்டத்திற்கு இதனினும் சிறந்த பயன் எதுவென்று நாம் அறியோம்.

மலக்குழியின் இடம் மாறியதும் வீட்டின் உள்ளமைப்பும் மாறவேண்டியதாயிற்று. குளியலறை, குசினி ஆகிய நீர்ப்புழக்கம் உள்ள இடங்கள் யாவும் தென்புறத்தில் ஒரே வரிசையில் வந்தன. குழாய்கள் குறுகின, கசிவு ஏற்படின் தேடவேண்டிய சுவரும் ஒன்றேயாயிற்று. நிலையம் எடுத்த பெரியவர் குசினிக்குக் குறித்த அக்கினி மூலை தென்கிழக்கு. அம்மூலையில் வைத்தால் சோளகக் காலத்தில் அடுப்புப் புகை படுக்கையறைகளுக்குள் புகாமல் கிழக்கு யன்னலால் வெளியேறும். இவ்விடத்திற் சாத்திரமும் காற்றும் ஒன்றையே கூறின.

மழைநீரையும் இத்தாளிலேயே கணக்கிட்டோம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 2,300 லீற்றர். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை பெறும் நாட்டில் அதனை வீதி வாய்க்காலுக்கு விடுவது அறிவுடைமையாகாது. பீலி அமைத்து, முதல் மழையின் அழுக்கை ஒதுக்கியபின், நீரைக் கல்லும் மணலும் நிரப்பிய குழியொன்றால் நிலத்துக்கே திருப்பினோம்.

நடை

மூன்றாந் தாளில் வீட்டார் ஒவ்வொருவரும் வைகறை முதல் இரவுவரை நடக்கும் வழியை வெவ்வேறு நிறக்கோடுகளால் வரைந்தோம். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் நெருக்கடி நேரும் இடம். ஒரு நிறம் நெடுந்தூரம் ஓடுமாயின் ஒருவர் வீணே களைக்கின்றார் என்பது பொருள். எம் இல்லாள் அடுப்புக்கும் நீர்த்தொட்டிக்கும் சாமான் அலுமாரிக்கும் இடையே நடக்கும் முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் சேர்ந்து 34 அடியாக இருந்தன. இம்மூன்றும் கூடி 26 அடிக்கு மேற்படலாகாது என்பது இத்துறையினர் வழங்கும் விதி. அலுமாரியைச் சுவர் மாற்றி வைத்ததும் 19 அடியாயிற்று. ஒரு செங்கல்லும் கூடவில்லை.

படுக்கையறைகளை இணைத்த நடைவழி 4 அடி அகலமும் 38 அடி நீளமும் கொண்டிருந்தது. பெருக்கினால் 152 சதுர அடி. பன்னிரண்டடிச் சதுர அறையொன்று 144 சதுர அடிதானே! எவரும் உறங்காத, உண்ணாத, படிக்காத அறையொன்றுக்கு நாம் அத்திவாரமும் கூரையும் போட இருந்தோம். முற்றத்தைச் சூழ்ந்த திறந்த தாழ்வாரமே நடைவழியானபோது அது நீங்கிற்று.

இனி, அன்னையாரின் கோடு. அவருக்கு வீதிப்பக்கத்து முன்னறையை மதிப்புக் கருதி ஒதுக்கியிருந்தோம். வருவோர் போவோரைக் காணலாம். சுவாமி வீதிவலம் வரும்போது படுக்கையிலிருந்தே கும்பிடலாம். குளியலறையோ வீட்டின் மறுகோடியில். தாளிலே அது விரல் நீளக் கோடுதான். ஆகவே வளவிற் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் சுவர்களையும் வாசல்களையும் நிலத்தின்மீது முழு அளவிற் குறித்தோம். அன்னையார் ஊன்றுகோலுடன் தமது “அறையிலிருந்து” புறப்பட்டார். முப்பத்தொரு அடி வைத்தபின்னரே “குளியலறை” வாசலை அடைந்தார். நின்று மூச்சுவாங்கிச் சொன்னார்: “தம்பி, இரவிலை எழும்பினா நான் உவ்வளவு தூரம் எப்பிடிப் போறது?”

அவ்வொரு வினாவே முதற்படத்தைத் தள்ளிவிட்டது. தென்மேற்கு மூலையறை அவருக்காயிற்று. அதற்கு அடுத்ததே குளியலறை. மீண்டும் சுண்ணாம்புக் கோட்டில் நடந்தபோது ஒன்பது அடிகள். முன்னறையை இழப்பது அவருக்கு வருத்தமே. “பகல்லை விறாந்தையிலை இருப்பன், அறை இரவுக்குத்தானே” என்று அவரே எம்மைத் தேற்றினார். அவர் பொருட்டு விறாந்தையில் முதுகுசாயும் திண்ணையொன்று சேர்ந்தது.

குளியலறை வாசல் முதற்படத்தில் இரண்டேகால் அடி. சக்கர நாற்காலி புகுவதற்கு இடைவெளி 32 அங்குலமேனும் வேண்டும்; ஆகவே மூன்றடியாக்கினோம். கதவை வெளிப்புறமாகத் திறக்க வைத்தோம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவரது உடலே அடைத்துவிடும் என்பதைப் பலரும் கருதுவதில்லை. உள்ளே படி இல்லை. நிலம் மட்டும் நீர் வடியுமளவு மெல்லச் சரிந்திருக்கும். சுவரில் கைபிடி. முன்வாசலிற் படிகளுக்கு அருகே சாய்தளம்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். இவை யாவும் முதியோர்க்கு மட்டும் உரியவை என எண்ணவேண்டா. பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் எழுந்தவனுக்கும், ஒருநாள் எமக்கும் உரியவை.

தளபாடம்

கால் அங்குலம் ஓர் அடியாகக் கொண்டு கடுதாசியிற் கட்டில், அலுமாரி, மேசை ஆகியவற்றை வெட்டிப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தல் நான்காவது வேலை. ஐந்தடி அகலமும் ஆறரை அடி நீளமும் கொண்ட கட்டில் ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒன்றும் ஐந்தெட்டுப் பங்கும் ஆகும். இவ்வேலையை எம் இளைய மகளிடம் விட்டோம். பத்தடிச் சதுர அறையில் கட்டிலும் இரண்டடி ஆழமுள்ள அலுமாரியும் இருந்தால், அலுமாரிக் கதவு கட்டிலில் இடிக்கும் என்பதை அவளே கண்டு சொன்னாள். வாசலை அறையின் நடுவிலிருந்து மூலைக்கு நகர்த்தியதும் ஒரு முழுச்சுவர் அலுமாரிக்குக் கிடைத்தது. மின்னாளிகளின் இடங்களையும் அவளே குறித்தாள். பாட்டியின் கட்டிலிற் படுத்தவாறே எட்டக்கூடிய மின்னாளி ஒன்று அவற்றுள் முதலாவது.

நன்மை தீமை

வீடு அன்றாட வாழ்வுக்கு மட்டுமன்று. திருமணம், பூப்புனித நீராட்டு, திவசம் என வீடு நிறையும் நாள்கள் உண்டு. அந்நாள்களில் பந்தலுக்கு முன்முற்றம் வேண்டும். பெரிய அடுப்பு மூட்டப் பின்வளவில் இடமும், அங்கே செல்லக் குசினியூடாகப் போகாத வழியும் வேண்டும். இவற்றை எண்ணி வீட்டை வீதியிலிருந்து 35 அடி உள்ளே தள்ளினோம்.

இன்னொரு நாளையும் எண்ணினோம். மங்கலமான வேலையின் நடுவே அதனை வாய்விட்டுச் சொல்ல ஒருவரும் விரும்பவில்லை. ஒருவரை இறுதியாகக் கிடத்துவதற்கு மண்டபத்தில் இடமும், நாலுபேர் தோள்கொடுத்துத் திரும்பாமல் வெளியேறுவதற்கு நேரான வாசலும் வேண்டும். முன்வாசல் மூன்றரை அடி அகல இரட்டைக் கதவாயிற்று. காரணம் கேட்ட தச்சருக்கு, “காற்றுக்காக” என்றோம்.

வருங்காலம்

கனடாவில் வாழும் எம் மூத்த மகன், மேல்மாடியில் நாலு அறைகள் வேண்டுமென்றும் செலவைத் தானே தருவதாகவும் எழுதினான். பிள்ளையின் அன்பை மறுப்பது எளிதன்று. ஆயினும் ஆண்டில் மூன்று வாரம் திறந்து, எஞ்சிய நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் மாடிகள் நம்மூரில் எத்தனையோ! அவற்றைப் பெருக்கித் துடைக்கப் படியேறுபவர் எழுபது வயதுத் தாய்மாரே. நெடுநாள் உரையாடியபின் ஓர் இணக்கம் கண்டோம். மாடியை இப்போது கட்டுவதில்லை; ஆனால் பின்னர் கட்டுவதற்கு இடம்வைப்பது.

இடம்வைத்தல் என்பது வெறுஞ்சொல்லன்று. மாடியின் பாரத்தைத் தாங்கும் அத்திவாரமும் கொங்கிறீற்றுத் தூண்களும் பொறியியலாளர் கணித்தபடி இப்போதே அமையவேண்டும். பின்னர் சேர்த்தல் அரிது. படிக்கட்டுக்கும் மெய்யான இடம் விடவேண்டும். மாடித்தளம் பத்தரை அடி உயரத்தில் இருப்பின், ஏழங்குல உயரப் படிகள் 18 வேண்டும். மிதிக்கும் அகலம் பத்தங்குலமாயின் நேர்படிக்கட்டு 14 அடிக்கு மேல் நீளும். முதற்படத்தில் விடப்பட்டிருந்ததோ 10 அடி. அதில் ஏணிதான் நின்றிருக்கும். நடுவே திரும்பும் படிக்கட்டாக மாற்றியதால் அதே பத்தடிக்குள் அடங்கிற்று. அவ்விடம் இப்போது சாமான் அறையாகப் பயன்படுகின்றது. முழுவீட்டின் பரப்பும் முதற்படத்தினின்று 240 சதுர அடி குறைந்தது. குறைந்ததில் எவரும் ஓர் அறையையேனும் இழக்கவில்லை.

இத்திருத்தங்கள் யாவற்றையும் பிரதேச சபையின் அங்கீகாரத்துக்குப் படம் கொடுப்பதற்கு முன்னரே முடித்துவிடுதல் வேண்டும். அங்கீகாரம் பெற்றபின் மாற்றினால் மீண்டும் விண்ணப்பிக்க நேரிடும். வேலை தொடங்கியபின் மாற்றினாலோ ஒப்பந்தக்காரருடன் பிணக்கு நேரிடும். நாட்கல் வைக்கும் நாள் நெருங்குகின்றதென்று அவசரப்பட்டு, தெளியாத படத்துடன் தொடங்குவதினும் அடுத்த நல்ல நாளுக்குக் காத்திருத்தல் நன்று. எமக்கு ஏழு படங்களுக்கும் சென்றது நாலு மாதம்.

குடிபுகுந்தபின் அன்னையார் அவ்வீட்டில் இரு மாரிகள் வாழ்ந்தார். பகலிலே திண்ணை, மாலையிலே துளசியடி, இரவிலே ஒன்பது அடி. ஒருமுறையேனும் அவர் விழவில்லை. மூன்றாம் ஆண்டில், தைப்பொங்கல் கழிந்த ஒருநாள், தமது கட்டிலிலேயே அமைதியாகக் கண்மூடினார். முன்வாசலின் இரட்டைக் கதவுகளை அன்று முதன்முறையாக முழுதும் திறந்தோம். எவ்விடத்திலும் தடங்கல் இன்றி அவர் தமது வளவைவிட்டுச் சென்றார். மேற்கு அயலவர் குழந்தையைத் தோளிற் சுமந்தபடி வந்து நின்றனர்.

வீடு கட்டப் புகும் அன்பர்காள்! படத்தைச் சுவரில் மாட்டி அதன் அழகை நோக்காதீர்கள். அதனை நிலத்திலே சுண்ணாம்பால் வரைந்து, உங்கள் வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் எவரோ அவரை முதலில் நடக்கவிடுங்கள். அயலவர் கிணற்றை உங்கள் படத்திற் குறியுங்கள். அதன்பின் வேண்டிய மட்டும் அழியுங்கள்.